பீப்பாய்க்கு மதிப்பெண் போடாதீர்கள்

பீர் போட்டிகளில் நடுவர்களாக அமர்வோருக்கும், பீரைச் சுவைத்துக் குறிப்பெழுதி எண் இடுவோருக்கும்,

ஒயின் பீப்பாயில் மாதக்கணக்கில் கிடந்து வந்த வலுவான பெல்ஜிய பாணி ஏல் ஒன்றை உங்கள் முன் வைத்தால், குடிப்பதற்கு முன்பே பாதித் தீர்ப்பை எழுதிவிடுகிறீர்கள். முகத்துக்கு நேரே சொல்வதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். சுற்றி வளைத்துச் சொன்னால் இந்தக் குறை உங்கள் காதில் விழாது. சீட்டில் கபர்னே சாவின்யோன் பீப்பாய் என்று இருந்தால் உங்கள் குறிப்பில் கருந்திராட்சையும் தோலும் புகையிலையும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. பினோ நுவார் என்றால் செர்ரி. ஷார்டொனே என்றால் வெண்ணெய், பச்சை ஆப்பிள். இவையெல்லாம் ஒயினைப் பற்றி ஒயின்காரர்கள் எழுதிப் பழக்கிய சொற்கள். பீப்பாய்க்குள் போன பீர் டுபெலா, டிரிபெலா, குவாட்ரபெலா? உள்ளே போவதற்கு முன் அது எப்படி இருந்தது? போய் எதைப் பெற்றது, எதை இழந்தது? இந்தக் கேள்விகளுக்கு உங்கள் குறிப்புகளில் ஒரு வரி கிடைப்பது அரிதாக இருக்கிறது. நீங்கள் இடும் எண்ணைப் பார்த்துத்தான் கடைக்காரர் வாங்குகிறார், குடிப்பவர் காசு கொடுக்கிறார், பீர் காய்ச்சுபவர் அடுத்த ஆண்டு எதைக் காய்ச்சலாம் என்று முடிவெடுக்கிறார். ஆகவே அந்த எண் பீருக்கு உரியதா, பீப்பாய்க்கு உரியதா என்று கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு.

முதலில் அந்தப் பீப்பாய் உண்மையில் என்ன தருகிறது என்று பார்ப்போம். போர்தோவில் வழங்கும் பீப்பாய் 225 லிட்டர் கொள்ளும். பர்கண்டிப் பீப்பாய் 228 லிட்டர். புதிதாகச் செய்த ஓக் பீப்பாய், உட்புறம் தீயில் வாட்டப்பட்டிருப்பதால், வனிலின் முதலான பல வாசப் பொருள்களைக் கொடுக்கும். தேங்காய் மணம் தரும் லாக்டோன்களும், கிராம்பு மணம் தரும் யூஜெனாலும், நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பும் அதில் உண்டு. அமெரிக்க ஓக்கில் தேங்காய் மணம் தூக்கல். பிரெஞ்சு ஓக்கில் அது அடக்கம், துவர்ப்பு அதிகம். ஆனால் இந்தச் செல்வத்தின் பெரும்பகுதியை முதல் ஒயினே உறிஞ்சிக்கொள்கிறது. மூன்று நான்கு அறுவடை ஒயின்கள் கிடந்து போன பீப்பாய், மணத்தைப் பொறுத்தவரை ஏறக்குறைய வெறும் மரப் பாத்திரம்தான். அப்படி ஓய்ந்துபோன பிறகுதான் ஒயின் ஆலைகள் பொதுவாக அதை விற்கின்றன. பூர்பன் பீப்பாயின் கதை வேறு. உள்ளே கரியாக்கப்பட்ட புதிய ஓக்கில்தான் பூர்பன் கிடக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அதனால் ஒருமுறை மட்டுமே பயன்பட்ட, இன்னும் கொடுக்க நிறைய வைத்திருக்கும் பீப்பாய் பீர்க்காரரிடம் வருகிறது. பூர்பன் பீப்பாய்க்குப் பழகிய நாக்கோடு ஒயின் பீப்பாயை அணுகுவதால்தான், அங்கே இல்லாத ஓக்கை நீங்கள் பீரில் தேடிக் கண்டும் பிடித்துவிடுகிறீர்கள். மரத்தில் ஊறி நிற்கும் ஒயின் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அது நாலைந்து லிட்டர் என்றே வைத்துக்கொண்டாலும், 225 லிட்டர் பீரில் நூற்றுக்கு இரண்டு பங்குதான். பத்துச் சதவீத ஆல்கஹாலும் வாட்டிய மால்ட்டும் காய்ச்சிய சர்க்கரையும் உள்ள ஒரு பீரில் அந்த இரண்டு பங்கு எந்தத் திராட்சை வகை என்று சொல்லுமளவுக்கு நாக்குக் கூர்மை உள்ளவர்கள் இருக்கலாம். ஆனால் எண் இடுகிற ஒவ்வொருவருக்கும் அது வாய்த்திருக்கிறது என்று நம்புவது கடினம்.

பழைய ஒயின் பீப்பாய் தாராளமாகக் கொடுப்பவை மூன்று: காலம், காற்று, நுண்ணுயிர். பலகைகளின் வழியாகவும் அவற்றின் இணைப்புகள் வழியாகவும் ஆக்சிஜன் மெல்ல உள்ளே வருகிறது. மரத்தின் நுண்துளைகளில் பிரெட்டனோமைசஸ் என்னும் ஈஸ்ட் குடியிருக்க வாய்ப்புண்டு. குடியில்லாவிட்டால் பீர் காய்ச்சுபவரே அதைக் கொண்டுவந்து விடுவதும் வழக்கம். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் வேலைபார்த்த கிளாசன் 1904-இல் இந்த ஈஸ்டைப் பற்றி அறிவித்தார். இங்கிலாந்தில் கிடங்கில் வைத்து முதிர்விக்கப்பட்ட ஏல்களின் தனிச் சுவைக்கு அதுவே காரணம் என்றார். ஒயின்காரர்களுக்கு இது பெரும்பாலும் தலைவலி. பெல்ஜியத்தில் ஓர்வால் மடத்தின் பீருக்கு அதுவே உயிர். நம் விஷயத்தில் கவனிக்க வேண்டியது இதன் வேலைமுறை. பெல்ஜிய ஏலைப் பெல்ஜிய ஏல் ஆக்குபவை இரண்டு வாசங்கள்: வாழைப்பழ மணம் தரும் ஐசோஅமைல் அசிடேட், கிராம்பு மணம் தரும் 4-வினைல்குவாயகால். பிரெட்டனோமைசஸ் முதலாவதை உடைத்துப் போடுகிறது. இரண்டாவதை 4-எத்தில்குவாயகாலாக மாற்றிப் புகை மணமாக்குகிறது. பழமும் கிராம்பும் கலந்த அந்த ஈஸ்ட் வாசனை, அந்தப் பாணிக்கே அடையாளமானது, பீப்பாயில் முதலில் பலியாகிறது. கூடவே வாயுவும் போய்விடுகிறது. டிரிபெல் போன்ற ஏலின் மெல்லிய உடலும் உலர்ந்த முடிவும் அதில் துள்ளும் வாயுவைச் சார்ந்தே நிற்பவை. பீப்பாயிலிருந்து தட்டையாக வெளிவந்த பீரைப் புட்டியில் மறுபடி நொதிக்க விட்டு அந்தத் துள்ளலை மீட்க வேண்டும். பத்துச் சதவீத ஆல்கஹாலில் களைத்துப்போன ஈஸ்ட் அதற்கு எளிதில் ஒத்துழைக்காது. அதனால்தான் புதிய ஈஸ்டைச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

இப்படிக் கூட்டியும் கழித்தும் பார்த்தால், பீப்பாயில் வைப்பது என்பது ஒரு பேரம். எதையோ கொடுத்து எதையோ வாங்குவது. பேரம் லாபமா நட்டமா என்று சொல்ல வேண்டியவர் நடுவர். நீங்களோ வாங்கியதை மட்டும் எண்ணிப் பாராட்டுகிறீர்கள். கொடுத்ததைப் பற்றிப் பேச்சே இல்லை. இதை உங்கள் நேர்மைக் குறைவு என்று நான் சொல்லவில்லை. மனித மூக்கும் நாக்கும் அப்படி அமைந்திருக்கின்றன. அதற்குச் சான்றுகள் கிடைத்து வெகுகாலமாகிறது. போர்தோ பல்கலைக்கழகத்தில் பிரோஷேயும் உடன் ஆய்வாளர்களும் 2001-இல் வெளியிட்ட சோதனையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 54 ஒயின் மாணவர்களுக்கு ஒரு வெள்ளை ஒயினையும், அதே ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்ததையும் கொடுத்தார்கள். சாயம் கலந்ததற்கு அவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களையே பெருவாரியாக எழுதினார்கள். வெறும் நிறம் செய்த வேலை அது. கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சியின் ஒயின் போட்டியை ஆராய்ந்து ஹாட்ஜ்சன் 2008-இல் எழுதிய கட்டுரை இன்னும் சங்கடமானது. ஒரே புட்டியிலிருந்து மூன்றுமுறை ஊற்றி, வேறு வேறு ஒயின்கள் போல நடுவர்களிடம் வைத்தபோது, மூன்றுக்கும் ஒரே பதக்க வரம்புக்குள் எண் இட்டவர்கள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர். இவை ஒயினைப் பற்றியவை, பீருக்கு எப்படிப் பொருந்தும் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒயின் பீப்பாய் ஏல் ஒயினின் பெருமையைக் கடன் வாங்கித்தான் உங்கள் மேசைக்கு வருகிறது. கடனோடு நோயும் சேர்ந்து வரத்தான் செய்யும்.

பீரிலேயே செய்த சோதனை ஒன்றும் இருக்கிறது. நம் வழக்குக்கு அது இன்னும் நெருக்கமானது. லீ, ஃபிரடெரிக், ஏரியலி ஆகிய மூவரும் 2006-இல் வெளியிட்டது. பீரில் சில துளி பால்சாமிக் காடியை விட்டு மதுக்கூடங்களில் கொடுத்துப் பார்த்தார்கள். விஷயம் தெரியாமல் குடித்தவர்களில் கணிசமானோர் காடி விட்ட பீரையே விரும்பினார்கள். முன்கூட்டியே சொல்லப்பட்டவர்களிடம் அந்த விருப்பம் குறைந்தது. வியப்பு மூன்றாவது கூட்டத்தில்: குடித்து முடித்த பிறகு சொல்லப்பட்டவர்கள், தெரியாமல் குடித்தவர்களைப் போலவே நடந்துகொண்டார்கள். அதாவது, ஒரு செய்தி நாக்குக்கு முன்னால் வந்தால் சுவையையே மாற்றுகிறது. நாக்குக்குப் பின்னால் வந்தால் சுவையைத் தொடுவதில்லை. பீப்பாயின் பெயர் எப்போது உங்கள் காதுக்கு வருகிறது என்பதே இதனால் முக்கியமாகிறது. இன்றைய போட்டி முறையில் அது முன்னாலேயே வருகிறது. அமெரிக்காவின் பீர் நடுவர் சான்றிதழ் அமைப்பின் வகைப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தில் முதிர்ந்த சிறப்பு பீருக்கு 33-பி என்று தனிப் பிரிவு. பீப்பாயில் முன்பு என்ன மது கிடந்தது என்பதைப் பங்கேற்பவர் எழுதித் தர வேண்டும். அந்தத் தாள் பீரோடு சேர்ந்தே நடுவர் கைக்கு வந்துவிடுகிறது. புட்டியை மறைத்துவிட்டுப் பீப்பாயைக் காட்டிவிடுகிறார்கள். மறைத்துச் சுவைப்பதாகச் சொல்லிக்கொள்ளும் முறையில் இவ்வளவு பெரிய ஓட்டை இருக்கலாமா?

சீட்டைப் படிப்பதும் இன்பத்தின் ஒரு பகுதிதானே என்பது உங்கள் தரப்பில் அடிக்கடி சொல்லப்படும் மறுப்பு. யாரும் கண்ணைக் கட்டிக்கொண்டு பீர் குடிப்பதில்லை. எந்த மடம், எந்த ஊர், எந்தத் திராட்சைத் தோட்டத்துப் பீப்பாய் என்று தெரிந்து குடிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. குடிப்பவர் விஷயத்தில் இதை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். காசு கொடுத்தவர் கதையையும் சேர்த்துக் குடிக்கட்டும். ஆனால் எண் இடுபவர் குடிப்பவரின் பிரதிநிதியாக அமர்ந்திருப்பவர். கதைக்கு எவ்வளவு, பீருக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதற்காகவே அவரை நம்புகிறோம். மேலே சொன்ன சோதனை உங்களுக்குச் சாதகமாகவும் பேசுகிறது என்பதையும் கவனியுங்கள். சுவைத்து முடித்த பிறகு சீட்டைப் படித்தால் எதையும் இழக்கப்போவதில்லை. சுகம் அப்படியே இருக்கும். வரிசை மட்டும் மாறும்.

இன்னொரு மறுப்பு கனமானது. பீப்பாயில் முதிர்ந்த ஏல் தனக்கென்று ஒரு பிறவி. அதை மூல பீரோடு ஒப்பிடுவது தவறு என்கிறீர்கள். சில பீர்களுக்கு இது உண்மை. கலிஃபோர்னியாவின் ரஷ்யன் ரிவர் ஆலை செய்யும் கான்செக்ரேஷன், பத்துச் சதவீத ஆல்கஹால் கொண்ட கருநிற ஏல். கபர்னே சாவின்யோன் பீப்பாய்களில், உலர்ந்த திராட்சை வகை ஒன்றும் பிரெட்டனோமைசஸும் புளிப்பு பாக்டீரியாக்களும் சேர்ந்து முதிர்வது. அது பீப்பாய்க்காகவே திட்டமிடப்பட்ட பீர். அதற்கு வெளியே தனியாக விற்கும் மூலம் கிடையாது. அதை முழுமையாக, அது இருக்கிறபடி மதிப்பிட வேண்டியதுதான். அந்த ஆலை தன் பீப்பாய் பீர்களுக்கு எந்த ஒயின் பீப்பாய், சராசரியாக எத்தனை மாதம், நொதிக்க எந்த ஈஸ்ட், முதிர எவை, புட்டியில் மறுபடி நொதிக்க எது என்றெல்லாம் வெளிப்படையாகச் சொல்கிறது. பீப்பாயைப் பெருமைக்கு மட்டும் வைத்திருப்பவர்கள் இப்படிச் சொல்வதில்லை. ஆனால் பெரும்பாலான ஒயின் பீப்பாய் ஏல்கள் அப்படிப் பிறந்தவை அல்ல. ஏற்கனவே பெயர் பெற்ற ஒரு பீரை எடுத்துப் பீப்பாயில் போட்டு, பெயருக்குப் பின்னால் ஒரு சொல்லைச் சேர்த்து, கூடுதல் விலைக்கு வருபவை. இவற்றுக்கு மூலம் இருக்கிறது, கடையிலும் கிடைக்கிறது. பழைய பெயரின் புகழைப் பயன்படுத்திக்கொண்டு, ஒப்பிடாதே என்று சொல்வது எப்படி நியாயம்?

ஒப்பிட்டால் பீப்பாய் தோற்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். பெல்ஜியத்தின் பிப்பேயில் உள்ள டுபுய்சன் ஆலை, தன் கிறிஸ்துமஸ் பீரான புஷ் தெ நொயேலை பர்கண்டியின் நுவி-சென்-ஜார்ஜ் ஒயின் கிடந்த பீப்பாய்களில் வைத்து, 13 சதவீதத்தில் புஷ் தெ நுவி என்று வெளியிடுகிறது. எசன் ஊரின் தெ டோலே ஆலை, ஊர்பியரையும் ஸ்டில்லெ நாக்டையும் போர்தோ பீப்பாய்களில் நீண்டகாலம் வைத்து ரெசர்வா என்று வெளியிட்டிருக்கிறது. நெதர்லாந்தின் கோனிங்ஸ்ஹூவன் மடம் 1991-இல் குவாட்ரபெல் என்ற பெயரையே உலகத்துக்குத் தந்தது. அது தன் லா டிராப் குவாட்ரபெலைப் பலவகைப் பீப்பாய்களில் முதிர்வித்துக் கலந்து, ஒவ்வொரு தொகுதிக்கும் எண் போட்டு, எந்தப் பீப்பாய் எவ்வளவு என்று சொல்லி விற்கிறது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: இவற்றில் பெரும்பாலானவை வாட்டிய மால்ட்டோ கருஞ்சர்க்கரையோ தரும் செறிவை நம்பி நிற்கும் பீர்கள். அத்தகைய பீரில் மெல்ல நுழையும் ஆக்சிஜன் உலர் திராட்சையாகவும் அத்தியாகவும் ஷெர்ரி ஒயின் போன்ற மணமாகவும் கனியும். இழந்த வாழைப்பழத்துக்கு ஈடாக ஏதோ ஒன்று கிடைக்கும். வெளிர்நிற டிரிபெலுக்கு அந்தச் சேமிப்பு இல்லை. வெஸ்ட்மாலெ டிரிபெல் 9.5 சதவீதம், வெளிர் மால்ட், சர்க்கரை, ஹாப்ஸ், ஈஸ்ட், இவ்வளவுதான் சரக்கு. 1956 முதல் பெரிய மாற்றமின்றி வரும் செய்முறை அது. அந்த மாதிரி பீரில் காற்று புகுந்தால் முதலில் வருவது ஈர அட்டை மணம். டிரிபெலைப் பீப்பாயில் வைத்து வெற்றி பெற்றவர்கள் இல்லாமல் இல்லை. அப்படி வென்றால் அது குவாட்ரபெலின் வெற்றியைவிடக் கடினமானது. கூடுதல் எண்ணுக்கு உரியது. மூலத்தை அருகில் வைக்காமல் இந்த வேறுபாட்டை நீங்கள் எப்படிக் காண்பீர்கள்?

புளிப்பைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஏனெனில் பாரம்பரியம் என்ற கேடயத்தை நீங்கள் அதிகமாகத் தூக்குவது அங்கேதான். பீப்பாய் ஏலில் காடி மணம் அடித்தால் சிக்கல்தன்மை என்று எழுதுகிறீர்கள். நகப்பூச்சு மணம் அடித்தால் பழவாசனை என்று எழுதுகிறீர்கள். கேட்டால் ரோடன்பாக்கைக் காட்டுகிறீர்கள். ரூசெலாரெ நகரின் ரோடன்பாக் ஆலையில் நூற்றுக்கணக்கான பெரிய மரத் தொட்டிகள் நிற்பது உண்மை. அங்கே பீர் இரண்டு ஆண்டுகள் வரை கிடந்து புளிப்பதும் உண்மை. ஆனால் அந்த ஆலையின் திறமை புளிக்க விடுவதில் முடிந்துபோவதில்லை, கலப்பதிலும் இருக்கிறது. கிராண்ட் குரூவில் மூன்றில் இரண்டு பங்கு முதிர்ந்த பீர், ஒரு பங்கு இளம் பீர். ஆல்கஹால் ஆறு சதவீதம். தொட்டி பெரிதாக ஆக உள்ளே இருக்கும் பீருக்குக் கிடைக்கும் காற்றின் பங்கும் குறைகிறது. 225 லிட்டர் பீப்பாயில், பதினோரு சதவீத பீரில் கதை வேறு. தெளுவு கள்ளாகி, கள் காடியாவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேதியியல் புதிதல்ல: காற்றுப் பட்டால் அசிட்டோபாக்டர் ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக்கும். அந்த அமிலமும் மிச்ச ஆல்கஹாலும் சேர்ந்தால் வருவது எத்தில் அசிடேட், அதுதான் நகப்பூச்சு நெடி. ஆல்கஹால் கூடக்கூட அதற்கான வாய்ப்பும் கூடுகிறது. எனவே ஆறு சதவீத பீரில் உணவோடு ஒத்துப்போகும் புளிப்பு, பதினோரு சதவீதத்தில் தொண்டையை எரிக்கும் குறையாக மாறுவது இயல்பு. காடி மணம் எல்லா இடத்திலும் தவறு என்று நான் சொல்லவில்லை. கட்டுப்பாட்டோடு வந்த புளிப்பையும் கைதவறி வந்த புளிப்பையும் ஒரே சொல்லால் பாராட்டுவது, முன்னதைச் செய்தவருக்கு நீங்கள் இழைக்கும் அநியாயம்.

அடுத்தது, நீங்கள் குடிக்கும் விதம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே, ஒரு வாய், அடுத்தது. வலுவான கருநிற பெல்ஜிய ஏலுக்குப் பத்து முதல் பதினான்கு டிகிரி செல்சியஸ் ஏற்ற சூடு. நாலைந்து டிகிரியில் மணங்கள் எழுவதில்லை. மரத்தின் துவர்ப்பு மட்டும் முரட்டுத்தனமாகத் தெரியும். ஒரே வாயில் வெல்வது எப்போதும் இனிப்பும் வனிலாவும் சூடும்தான். அரைக் கோப்பை தாண்டிய பிறகே அந்த இனிப்பு திகட்டுகிறதா, துவர்ப்பு நாவை வறட்டுகிறதா, மறுவாய்க்குக் கை நீளுகிறதா என்பது தெரியும். மறுவாய்க்குக் கை நீள்வது பெல்ஜிய ஏலுக்குப் பக்கவிஷயம் கிடையாது. டிரிபெலிலும் டூவெலிலும் சர்க்கரை சேர்ப்பதே உடலை இலேசாக்கி, இவ்வளவு வலுவான பீரையும் சாப்பாட்டோடு குடிக்கத் தக்கதாக வைப்பதற்குத்தான். அதைச் சோதிக்காத மதிப்பெண், பாணியின் இதயத்தையே சோதிக்காத மதிப்பெண்.

இத்தனை பீரையும் அரைக் கோப்பை குடித்தால் போதையேறாதா என்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினோரு சதவீத ஏல் 150 மில்லியில் 16.5 மில்லி ஆல்கஹால் இருக்கிறது. ஐந்து சதவீத பீர் 330 மில்லி புட்டியில் இருப்பதும் அதே 16.5 மில்லி. அரைக் கோப்பை என்பது ஒரு சாதாரண புட்டிக்குச் சமம். மறுபுறம், இன்று பலர் செய்வதுபோல ஒரே அமர்வில் ஐம்பது ஐம்பது மில்லியாகப் பத்து வலுவான ஏல்களைச் சுவைத்தால் 55 மில்லி ஆல்கஹால். அது மூன்று புட்டிகளுக்கும் மேல். பத்தாவது பீருக்கு நீங்கள் இடும் எண்ணை அந்த மூன்று புட்டிகள்தான் இடுகின்றன. அளவைக் கூட்டி எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்பதே என் வாதம். ஓர் அமர்வுக்கு மூன்று ஏல்கள் போதும். நேரமும் பணமும் அதிகமாகும் என்பது நிஜம்தான். எல்லாப் பிரிவுகளுக்கும் இதைக் கேட்கவில்லை. கோடைக்கால லாகருக்கு இது வேண்டியதில்லை. ஓராண்டு பீப்பாயில் காத்திருந்த பீருக்கு அரைமணி நேரம் தருவது அதிகமா?

உங்கள் எண்ணுக்குப் பின்னால் நடப்பதையும் நினைவூட்ட வேண்டும். ஒரே ஆலையின் குவாட்ரபெலுக்கு ஓர் எண்ணும், பீப்பாய் குவாட்ரபெலுக்கு அதைவிடக் கூடுதலான எண்ணும் திரும்பத் திரும்ப விழுந்தால், பீர் காய்ச்சுபவர் ஒரு பாடம் கற்றுக்கொள்கிறார்: மூலத்தைச் செம்மைப்படுத்துவதைவிடப் பீப்பாய் வாங்குவது இலகுவான வழி. சரியாக அமையாத தொகுதியை மறைக்கவும் பீப்பாய் உதவும் என்ற இரண்டாவது பாடம் தானாகவே பின்தொடரும். நன்றாகச் செய்யப்பட்ட எளிய டிரிபெல் ஒன்றுக்குப் பட்டியலின் நடுப்பகுதிதான் கதி என்ற நிலைமையை உண்டாக்கியது பீர் காய்ச்சுவோர் மட்டும் அல்ல, நீங்களும்தான்.

ஆகவே இதைச் செய்யுங்கள். போட்டி நடத்துவோர், பீப்பாயில் என்ன மது கிடந்தது என்ற வரியை மறைத்து வைத்து, மணத்துக்கும் சுவைக்கும் எண் இட்டு முடித்த பிறகு மட்டுமே நடுவருக்குக் காட்டட்டும். முன்பு சொன்ன பீர் நடுவர் சான்றிதழ் அமைப்பின் தாளில் ஐம்பதில் மணத்துக்குப் பன்னிரண்டு, சுவைக்கு இருபது. இந்த முப்பத்திரண்டும் பெயர் தெரியாமலே இடப்பட வேண்டியவை. மொத்த அபிப்பிராயத்துக்கான பத்தை வேண்டுமானால் பீப்பாயின் பெயரைப் படித்த பின் இடுங்கள். மூல பீர் சந்தையில் கிடைக்கிறதென்றால் அதையும் அருகில் ஊற்றிவைத்து, பீப்பாயில் எது கூடியது, எது போனது என்று ஆளுக்கு இரண்டு வரி எழுதுங்கள். குறிப்பெழுதுவோர், கோப்பையை மேசையில் வைத்து அரைமணி நேரமாவது விட்டு விட்டுக் குடியுங்கள். அதன் பிறகு பேனாவை எடுங்கள். காடி மணந்தால் காடி என்று எழுதுங்கள், நகப்பூச்சு மணந்தால் நகப்பூச்சு என்றே எழுதுங்கள். பீப்பாயின் விவரத்தைச் சொல்லாமல் கூடுதல் விலை கேட்கும் ஆலையிடம், எத்தனை மாதம், எத்தனையாவது முறை பயன்பட்ட பீப்பாய், எவ்வளவு பங்கு கலந்தது என்று கேட்டு, பதில் வராவிட்டால் அதையும் குறிப்பில் போடுங்கள். எல்லாப் போட்டிகளிலும் ஒரே நாளில் இது நடக்காது. அடுத்த போட்டியில் ஒரே ஒரு மேசையிலாவது தொடங்கி, வரும் முடிவுகளை மறைக்காமல் வெளியிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் குறிப்புகளை நம்பிப் பீர் வாங்குவோரில் ஒருவர்